குடி டாக்கா

ஒரு பெட்டி மாட்டினால் எனக்கு எழுபது ரூபாய்.
மாதத்துக்குள் வேண்டாமென்று திருப்பினால்
அந்த எழுபதையும் பிடித்துக்கொள்வார்கள்.
முப்பத்தொன்பதாவது பெட்டியை
அம்மாப்பேட்டை மெயின் ரோட்டில்
ஜெயக்கொடி அக்காவின் தள்ளுவண்டியில் மாட்டினேன்,
தட்டுவடை டப்பாவுக்கும்
துருவிய பீட்ரூட்டுக்கும் நடுவில்.

"காசு வந்தா அதுவே கூவும்க்கா.
சட்னிக் கையோட போனைத் தொட வேணாம்."

கூவியது.
இருபது. இருபது. நாற்பது. இருபது.
முதல் மூன்று நாள் அதற்குத் தோதாகத்தான்
கை ஓடியதாம் அவளுக்கு.

நான்காம் நாள்
எதிர் மருந்துக்கடைப் படியில் ரத்தினவேல்.
தண்டல்காரர்.
ஒன்பது மணிக்கு வந்து நூற்றைம்பதை வாங்கி
நோட்டில் கிறுக்கிவிட்டுப் போகிறவர்
அன்றைக்கு ஏழுக்கே வந்தார்.
ஒன்றும் சாப்பிடவில்லை.
கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

"இன்னைக்கு ஆயிரத்து எண்ணூத்தி இருபது ஓடியிருக்கு.
பழைய பாக்கியும் சேத்து முந்நூறா எடும்மா."

அவள் இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை.

ராத்திரி பத்தரைக்கு எனக்குப் போன்:
"தம்பி, இதுக்குக் குசுகுசுன்னு பேசத் தெரியாதா?"

சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம்.
போன வாரத்து ரசீதைக் காட்டி
நாலு செட்டு தின்றுவிட்டுப் போனான் ஒருவன்.
ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம்.
சாக்குக்குள்ளிருந்தும் கேட்டது.
எடுத்துவிடச் சொல்வாளோ என்று
என் எழுபது ரூபாய் எனக்குள் பதறியது.
(அதை அவளிடம் சொல்லவில்லை.)

அப்புறம்தான் செட்டிங்கில் பார்த்தேன்:
பதினோரு பாஷை பேசுமாம்.
தெலுங்கு? ரத்தினவேல் வீட்டில் அதுதான்.
கன்னடம்? கொளத்தூர்ப் பக்கம் வசூலுக்குப் போய்
அரைகுறையாகத் தெரியும் மனுசனுக்கு.
இந்தி வேண்டாம், பேத்தி ஸ்கூலில் படிக்கிறாள்.
வங்காளம்?
தெருவிலேயே அது தெரிந்தவன்
பரோட்டாக் கடைத் தபன் ஒருத்தன்தான்.

அவன் மாவுக்கையோடு வந்து
இரண்டே நாளில் எண் சொல்லிக்கொடுத்தான்.
கூலி, ஒரு முட்டை நொறுக்கல்.
இருபதுக்குக் குடி.
நாற்பதுக்குச் சொல்லிஷ்.
ரூபாய்க்கு டாக்கா.

"சொல்லிஷ்ஷுன்னு சொல்லிப்புடுது,
ஆனா சொல்லலையே!" என்று
அக்கா சிரித்த சிரிப்பில்
தட்டுவடை ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

குடி டாக்கா, குடி டாக்கா என்று
பெட்டி சாயங்காலமெல்லாம் கூவ,
டாஸ்மாக்கிலிருந்து வருகிறவர்கள்
"தோ வர்றோம்" என்று பதில் சொன்னார்கள்.
ரத்தினவேல் படியை விட்டு எழுந்து வந்தார்.
"என்னம்மா சொல்லுது?"
"ரிப்பேருங்க."
"நல்லாத்தான இருந்துச்சு?"
"மழைல நனைஞ்சிருச்சுங்க."
மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது.
ஏற்காட்டு மலை அன்றைக்கு
ஒரு பொட்டு மேகமில்லாமல் தெரிந்தது.

கரம் போடும் நாச்சிமுத்து கேட்டான்: "எனக்கும் அதுவே வை."
இளநீர் லூர்துசாமிக்கு ஒரியா.
பழைய இரும்பு வாங்கும் பாத்திமுத்துவுக்குக் குஜராத்தி,
அவளாகவே தேர்ந்தெடுத்தது.
எல்லோரும் எண் மட்டும் படித்தார்கள்.
நூறுக்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை.

மாசக் கடைசியில் ஆபீசிலிருந்து மேனேஜர்:
"சேலத்துல வங்காளிங்க இவ்ளோ பேர் கடை வச்சிருக்காங்களா?
ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா வருதே!"
"ஆமா சார்" என்றேன்.
முதல் தடவையாக
என் வாயால் ஒரு பொய்யை
கம்பெனி கணக்கில் ஏற்றினேன்.
நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று வண்டிப் பக்கம் போனேன்.
"தம்பி, இது என்னன்னு பாரேன்"
என்று போனை நீட்டினாள் அக்கா.
திரை முழுக்க வங்க எழுத்து,
கொடியில் காயப்போட்ட துணி மாதிரி.
எனக்கும் புரியவில்லை.
தபனுக்கு அன்றைக்கு லீவு.

நடுவில் ஒன்று மட்டும் இருவருக்கும் புரிந்தது:
15,000.
அதன் கீழே, கொஞ்சம் பொடியாக,
தினம் 190.

ரத்தினவேலுக்குக் கொடுப்பதைவிட நாற்பது அதிகம்.
"சொல்லிஷ்" என்றாள் அக்கா.
பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
காரட் துருவ ஆரம்பித்தாள்.